12,000 ரூபாயில் புதுமை கண்ட சமையலறை

விஜயதசமி கழிந்ததும் புனே நகரத்து வீடுகளில் ஒரு பரபரப்புத் தொடங்கிவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நனைந்த சுவர்கள் வெயில் கண்டு உலர்கின்றன. பரணில் இருந்த பாத்திரங்கள் பால்கனிக்கு இறங்கி வருகின்றன. பெயிண்ட் கடைகளில் கூட்டம் சேர்கிறது. தமிழ்நாட்டில் பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பது போல, மராட்டிய வீடுகளில் தீபாவளிக்கு முன் வண்ணம் பூசுவது வழக்கம். பல ஆண்டுகளாக இந்நகரில் வாழ்ந்துவரும் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களும் இவ்வழக்கத்தை ஏற்றுக்கொண்டுவிட்டன.

ஆயினும் வரவேற்பறைக்குக் கிடைக்கும் கவனிப்பு சமையலறைக்குக் கிடைப்பதில்லை. விருந்தினர் பார்வைக்குப் படாத இடம் என்பதாலோ, எப்படியும் மீண்டும் எண்ணெய்ப் புகை படியத்தானே போகிறது என்னும் அலுப்பினாலோ, அது ஆண்டுக்கு ஆண்டு ஒத்திவைக்கப்படுகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நிகழ்ந்தது. ஒத்திவைத்ததை ஒருமுறை அவசரமாகச் செய்து பணத்தை இழந்தோம். மறுமுறை பொறுமையாகச் செய்து பயன் கண்டோம். அந்த இரு அனுபவங்களையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உறுதி குன்றாத பழைய வீடுகள்

1961ஆம் ஆண்டு ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்து, முட்டா நதியின் வெள்ளம் பழைய நகரத்தின் பேட்டைகளுக்குள் புகுந்தது. ஆற்றங்கரையை ஒட்டியிருந்த வாடா எனப்படும் பழங்கால வீடுகள் பல அழிந்தன. அதன்பின் வந்த ஆண்டுகளில் நகரம் வெளிநோக்கி விரிந்தது. கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மூன்று, நான்கு மாடிக் குடியிருப்புகள் பெருகின. எங்கள் வீடு 1980களில் எழுந்த அத்தகைய குடியிருப்பு ஒன்றில் இருக்கிறது.

அக்காலத்துச் சமையலறைகளுக்கு ஒரே சாயல் உண்டு. கருநிறக் கடப்பைக் கல்லால் அமைந்த சமையல் மேடை. மராட்டியர் அதை 'ஓட்டா' என்பர். மேடைக்கு மேல் இரண்டடி உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ். கீழே கற்பலகைகளால் ஆன தட்டுகள், அவற்றுக்குப் பின்னாளில் பொருத்தப்பட்ட மரக் கதவுகள். தரையில் ஷாகாபாத் கல். பக்கத்தில் பாத்திரம் கழுவுவதற்கென ஒரு 'டிரை பால்கனி'. நாற்பது ஆண்டுகள் கடந்தும் இவற்றில் பெரும்பாலானவை உறுதி குன்றவில்லை. மங்கிப்போனவை சுவரும் கதவும் சன்னல் கம்பியும் மட்டுமே. ஆனால் அந்த மங்கல்தான் அறை முழுவதையும் பழையதாகக் காட்டுகிறது.

இரண்டு லட்சமா, சில ஆயிரங்களா?

தச்சர் ஒருவரை அழைத்துக் கேட்டபோது, மேடையை இடித்து, நவீன மாடுலர் சமையலறை அமைக்க இரண்டு லட்சம் ரூபாய் ஆகும் என்றார். கடன் வாங்கினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டோம். ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் மூன்று ஆண்டுகளுக்கு இரண்டு லட்சம் ரூபாய் பெற்றால், மாதத் தவணை 6,643 ரூபாய். மூன்று ஆண்டுகளில் வட்டியாக மட்டும் 39,000 ரூபாய்க்கு மேல் செலுத்த நேரிடும். மகள் கல்லூரியில் சேரவிருந்த ஆண்டு அது. மாதந்தோறும் ஆறாயிரத்துக்கு மேல் எடுத்துவைப்பதென்றால் அது அவளுடைய கட்டணத்திலிருந்துதான் வர வேண்டும்.

அப்போது எங்களை நாங்களே கேட்டுக்கொண்ட கேள்வி எளியது: இந்தச் சமையலறையில் உண்மையில் கெட்டுப்போனது எது? மேடை ஆடவில்லை. தட்டுகள் உடையவில்லை. கதவுப் பலகைகள் ஊறி உப்பவில்லை. வேண்டியது இடிப்பு அன்று, புதுப்பிப்பு என்பது தெளிவாயிற்று.

முதல் முயற்சியின் பாடம்

முதல் முயற்சியில் நாங்கள் செய்த தவறு மூன்று. ஆகஸ்டு மாத மழைக்காலத்தில் வேலையைத் தொடங்கினோம். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்ததே போதும் என்று எண்ணினோம். சிங்க்குக்குப் பின்னால் சுவரில் இருந்த மங்கலான கறையை, இரண்டு பூச்சுப் பூசினால் மறைந்துவிடும் என்று நம்பினோம். மறைந்தது உண்மைதான், அடுத்த ஆண்டு மழை வருவதற்குள் அதே இடத்தில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பித் தோலாக உரிந்தது. அடுப்புக்கு மேல் பகுதியில் விரல் நகத்தால் சுரண்டினாலே பெயர்ந்து வந்தது. பெயிண்டும் கூலியும் வீணாயின.

பெயிண்ட் எந்தக் குறையையும் தீர்ப்பதில்லை. சில மாதங்களுக்கு மூடி மட்டுமே வைக்கிறது. ஈரமும் பிசுக்கும் நீங்கிய பரப்பில்தான் அது நிலைக்கும். ஆகவே செலவிலும் உழைப்பிலும் பெரும்பகுதி பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னரே முடிந்துவிட வேண்டும்.

முதலில் ஈரத்தைக் கண்டறிவோம்

சந்தேகத்துக்குரிய சுவரில் ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரங்களிலும் நாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உட்புறத்தில், அதாவது சுவரை நோக்கிய பக்கத்தில் நீர்த்துளிகள் அரும்பியிருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்று பொருள். வெளிப்புறத்தில் மட்டும் இருந்தால் அது சமையலின் ஆவி. காற்றோட்டத்தைக் கூட்டினால் போதும்.

எங்கள் வீட்டில் உட்புறம் நனைந்திருந்தது. பிளம்பர் வந்து பார்த்தபோது, சிங்க்குக்குப் பின்னால் சுவருக்குள் செல்லும் குழாயின் இணைப்பு ஒன்று கசிவது தெரிந்தது. அதை மாற்றியதோடு, மேடைக்கும் டைல்ஸுக்கும் இடையே இருந்த இடைவெளியையும் அடைத்தோம். பிறகு மூன்று வாரம் சுவரை உலர விட்டோம். இந்தக் காத்திருப்புதான் பலராலும் இயலாதது; ஆனால் இதுதான் வேலையைக் காப்பது.

கசிவு மேல்வீட்டிலிருந்து வருமானால் முதலில் அவர்களிடம் கனிவுடன் எடுத்துக் கூறி, பின்னர் சங்கத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது நல்லது. மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிகளின்படி, மொட்டைமாடி வழியாக மழைநீர் கசிந்தால் பழுதுபார்ப்பது சங்கத்தின் பொறுப்பு. கழிப்பறை, சிங்க் போன்றவற்றால் நேரும் உட்கசிவைச் சரிசெய்வது அந்தந்த உறுப்பினரின் பொறுப்பு.

கழுவுதலும் தேய்த்தலும்

தாளிப்பின் எண்ணெய் ஆவி சுவரில் மெல்லிய மஞ்சள் படலமாகப் படிந்து இறுகுகிறது. அதன்மேல் எந்த பெயிண்டும் பற்றாது. வெந்நீரில் சலவை சோடாவைக் கரைத்து, கையுறை அணிந்து, கீழிருந்து மேலாகக் கழுவுவது நல்லது. மேலிருந்து தொடங்கினால் வழியும் அழுக்கு நீர் உலர்ந்த சுவரில் கோடுகளாகப் பதிந்துவிடும். பின்னர் வெறும் நீரால் இருமுறை கழுவி ஒரு நாள் உலர விட வேண்டும்.

அடுத்து, பழைய பூச்சு எத்தகையது என்று பார்க்க வேண்டும். உள்ளங்கையால் தேய்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டுமானால் அது சுண்ணாம்போ பழைய டிஸ்டெம்பரோ ஆகும். அதைச் சுரண்டி எடுத்தாக வேண்டும். இல்லையேல் புதிய எமல்ஷன் அந்தத் தூளோடு சேர்ந்து உரிந்துவிடும். பளபளக்கும் ஆயில் பெயிண்டானால் உப்புத்தாளால் தேய்த்து அதன் வழவழப்பைப் போக்கி, பிரைமர் பூசிய பிறகே மேற்பூச்சுப் பூச வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பழைய ஆயில் பெயிண்டுகளில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி. வீட்டு உபயோக பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக் கூடாது என்னும் விதி 2016இல் இயற்றப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். கர்ப்பிணிகளுக்கும் அது தீங்கு. எனவே நீர் தொட்டுத் தேய்க்கும் தாளையே பயன்படுத்துங்கள், முகக்கவசம் அணியுங்கள், குழந்தைகளையும் உணவுப் பொருள்களையும் அப்புறப்படுத்துங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். புதிய டப்பாவில் ஈயம் சேர்க்கப்படவில்லை என்னும் குறிப்பு உள்ளதா என்றும் பாருங்கள்.

எதற்கு எந்தப் பூச்சு?

சுவருக்குக் கழுவத்தக்க எமல்ஷன் ஏற்றது. முற்றிலும் மங்கலான வகையைக் காட்டிலும் இலேசான மினுமினுப்பு உள்ள வகையில் பிசுக்கு எளிதில் துடைபடும். கூரைக்குச் சாதாரண வெள்ளை எமல்ஷன் போதும்.

மரக் கதவுகளுக்கும் சன்னல் கம்பிகளுக்கும் எனாமல். கம்பியில் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, துருவைத் தடுக்கும் பிரைமரை முதலில் பூச வேண்டும். கதவுகளைக் கீலோடு கழற்றி, எண்ணிட்டு, கிடையாக வைத்துப் பூசினால் பெயிண்ட் வழியாது. சன்மைகா ஒட்டிய கதவாக இருந்தால், வழவழப்பான பரப்பைப் பற்றும் தனி வகைப் பிரைமர் இன்றி எதுவும் நிற்காது. பலகை ஊறி உப்பியிருந்தால் அதற்குப் பெயிண்ட் பூசுவது வீண். அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிடலாம்.

டைல்ஸுக்கென்றே பெயிண்ட் வகைகள் உள்ளன. எனினும் அடுப்பின் வெப்பம் படும் இடத்திலும் சிங்க்கைச் சுற்றி நீர் தேங்கும் இடத்திலும் அவை நெடுநாள் உழைப்பதில்லை. நாங்கள் டைல்ஸைத் தொடவில்லை. இடையே கறுத்திருந்த கோடுகளைச் சுரண்டிப் புதிய கலவையால் நிரப்பினோம். பாதிப் புதுமை அதிலேயே வந்துவிட்டது.

கடப்பைக் கல்லுக்கு ஒருபோதும் பெயிண்ட் பூசாதீர்கள். உணவு புழங்கும் பரப்பு அது. கடப்பைக் கல் சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது. ஆதலால் புளியும் எலுமிச்சையும் ஆசிடும் பட்ட இடத்தில் அது அரித்து வெளுக்கிறது. நம் சமையலில் புளி இல்லாத நாள் ஏது? சிந்தியதை உடனே துடைப்பதும், மேடையைச் சோப்பு நீரால் கழுவி நன்கு உலர்த்தியபின் சில துளி எண்ணெய் தேய்த்துத் துடைப்பதும் பழைய கருமையை ஓரளவு மீட்டுத் தரும்.

எனாமலில் கலக்கும் தின்னரும் டர்பன்டைனும் எளிதில் தீப்பற்றுவன. வேலை தொடங்குமுன் சமையல் எரிவாயுவை மூடி, சிலிண்டரை வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். குழாய்வழி எரிவாயு உள்ள வீடுகளில் வால்வை மூடுங்கள்; அக்குழாயை மறைத்து எதையும் கட்டாதீர்கள். அந்த ஐந்து நாள்களும் வரவேற்பறையின் ஒரு மூலையில் வைத்த மின்னடுப்பில் சமைத்துக்கொண்டோம்.

நிறமும் வெளிச்சமும்

1926இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர் ஒரு சிறிய சமையலறையை வடிவமைத்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அமைந்த அதன் அலமாரிகளுக்கு நீலப்பச்சை வண்ணம் பூசப்பட்டது; ஈக்கள் அந்நிறத்தை அண்டுவதில்லை என்று அக்காலத்தில் கருதப்பட்டது. ஈக்களைப் பற்றிய நம்பிக்கை எவ்வாறாயினும், சமையலறையின் நிறத்தை அழகுக்காக மட்டுமன்றிப் பயனுக்காகவும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்னும் எண்ணம் போற்றத்தக்கது.

எங்கள் சமையலறைக்கு வெளிச்சம் டிரை பால்கனி வழியாகவே வருகிறது. அங்கே உலரும் துணிகள் அதையும் மறைத்துவிடும். ஆகவே கூரைக்கு வெள்ளையும் சுவருக்கு வெளிர் சந்தன நிறமும் தேர்ந்தோம். கைபட்டு அழுக்காகும் கீழ்க்கதவுகளுக்கு ஆழ்ந்த பச்சை. கறுப்பு மேடைக்கு மேலும் கீழும் இந்த இரு நிறங்களும் நன்கு பொருந்தின. நிற அட்டையைக் கடையின் விளக்கொளியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிறிய மாதிரி டப்பா வாங்கிச் சுவரில் ஒரு முழச் சதுரம் பூசி, காலையிலும் இரவு விளக்கிலும் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். தேர்ந்த நிறத்தின் எண்ணைக் கதவின் உட்புறத்தில் எழுதிவைத்தால், பின்னாளில் ஒட்டுப்பூச்சுக்கு உதவும்.

எவ்வளவு வாங்குவது?

எங்கள் சமையலறை பத்தடிக்கு எட்டடி. உயரம் ஒன்பதரை அடி. நான்கு சுவர்களின் பரப்பு 342 சதுர அடி. கதவுக்கு 21, சன்னலுக்கு 12, டைல்ஸுக்கு 36 எனக் கழித்தால் எஞ்சுவது 273. கூரை 80. ஒரு லிட்டர் எமல்ஷன் இரு பூச்சுக்கு ஏறத்தாழ 100 முதல் 120 சதுர அடி வரை வரும்; டப்பாவிலும் இக்குறிப்பு இருக்கும். ஆக, சுவருக்கு மூன்று லிட்டர், கூரைக்கு ஒரு லிட்டர். இக்கணக்கின்றிக் கடைக்குச் சென்றால் பத்து லிட்டர் வாளியோடு திரும்ப நேரிடும். நாங்கள் ரவிவார் பேட்டையில் இரண்டு மூன்று கடைகளில் விலை விசாரித்து, ரசீதுடன் வாங்கினோம்.

எங்கள் செலவுக் கணக்கு

பிளம்பர் வேலையும் அடைப்புப் பசையும்: 2,200 ரூபாய்
சலவை சோடா, உப்புத்தாள், பட்டி, நாடா, கையுறை: 900 ரூபாய்
பிரைமர் வகைகள்: 1,000 ரூபாய்
எமல்ஷன் நான்கு லிட்டர்: 1,900 ரூபாய்
எனாமல் ஒன்றரை லிட்டர்: 750 ரூபாய்
பிரஷ், ரோலர்: 650 ரூபாய்
பெயிண்டர் கூலி, மூன்று நாள்: 2,700 ரூபாய்
புதிய கைப்பிடிகள், கீல்கள்: 1,150 ரூபாய்
மேடைக்கு மேல் எல்.இ.டி. விளக்கு: 700 ரூபாய்
மொத்தம்: 11,950 ரூபாய்

விலைகள் கடைக்குக் கடை, ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனால் இதில் கவனிக்க வேண்டியது விகிதம். எமல்ஷனுக்கும் எனாமலுக்கும் ஆனது 2,650 ரூபாய். மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சியவை அனைத்தும் அந்தப் பூச்சு நிலைப்பதற்கும் அறை வசதியாக அமைவதற்கும் ஆனவை. கழுவுதலையும் கதவுகள் பூசுவதையும் நாங்களே செய்தோம். கூரைக்கும் உயரமான சுவருக்கும் மட்டும் பெயிண்டரை அமர்த்திக்கொண்டோம். ஏணிமேல் நிற்கும் வேலையில் சிக்கனம் பார்ப்பது தகாது.

மாதம் 1,000 ரூபாய் வீதம் ஓராண்டுத் தொடர் வைப்பில் சேமித்தால் இத்தொகை வட்டியுடன் கைக்கு வந்துவிடும். ஒரு தீபாவளிக்குப் பின் தொடங்கினால் அடுத்த தீபாவளிக்குள் பணம் தயார். மழைக்காலத்தில் கசிவைக் கண்டறியவும் அவகாசம் கிடைக்கும்.

வாடகை வீட்டில் இருப்போருக்கு

மகாராஷ்டிரத்தில் வாடகை உடன்படிக்கை எழுத்தில் அமைந்து பதிவு செய்யப்பட வேண்டும் என்று 1999ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கூறுகிறது. பதினொரு மாத உடன்படிக்கைகளே இங்கு மிகுதி. வண்ணம் பூசுமுன் உரிமையாளரின் எழுத்து மூலமான இசைவைப் பெறுங்கள். செலவை வாடகையில் கழிப்பாரா, வீட்டைக் காலி செய்யும்போது பெயிண்ட் செலவென்று முன்பணத்தில் பிடித்தம் செய்வாரா என்பதையும் முன்னரே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களும் ரசீதுகளும் அன்று உதவும்.

கடன் எப்போது தகும்?

கடன் வாங்குவதே தவறு என்று கூறுவது எம் கருத்தன்று. சுவருக்குள் குழாய்கள் துருப்பிடித்திருந்தாலும், பழைய மின்கம்பிகள் இன்றைய மிக்சி, குளிர்பதனப் பெட்டி, மின்னடுப்பு ஆகியவற்றின் சுமையைத் தாங்காவிட்டாலும், மேடையே விரிசல் கண்டிருந்தாலும் அவற்றைத் தள்ளிப்போடலாகாது. அத்தகைய பணிகளுக்கு வீடு பழுதுபார்க்கும் கடனோ, வீட்டுக் கடனின் மேல் கூடுதல் கடனோ பொருந்தலாம். வட்டி விகிதம், பரிசீலனைக் கட்டணம், முன்கூட்டியே அடைத்தால் ஆகும் கட்டணம் ஆகிய மூன்றையும் கேட்டறிந்து முடிவு செய்யுங்கள். தோற்றம் பழகிப்போனது என்பதற்காக மட்டும் மூன்றாண்டுத் தவணையைச் சுமக்க வேண்டுவதில்லை.

எங்கள் சமையலறை இரண்டு மழைக்காலங்களைக் கடந்துவிட்டது. சிங்க்குக்குப் பின்னால் சுவர் உலர்ந்தே இருக்கிறது. அடுப்புக்கு மேல் படியும் பிசுக்கை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துவிடுகிறோம். மகளின் முதலாண்டுக் கட்டணம் உரிய நாளில் செலுத்தப்பட்டது. விடுமுறைக்கு வந்தவள் பச்சைக் கதவைத் திறந்து, உள்ளே எழுதியிருந்த நிற எண்ணைப் பார்த்து, தன் விடுதி அறைக்கும் இதே நிறம் வேண்டும் என்றாள். சுவரில் முதலில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பார்க்கும்படி அவளுக்குச் சொல்லி அனுப்பினோம்.